செவலை பிடித்த மோப்பம்

எங்கள் ஊரில் நாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் தேடச் சொன்னால் தேடுகிற நாய் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதை வளர்த்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் எங்களோடுதான் இருந்தாள். காட்டு வேலைக்குப் போவாள், வருவாள். நோம்பி, கல்யாணம் என்று எதற்கும் வெளியே கிளம்பமாட்டாள். அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

சோளக்காட்டில் கிடைத்த குட்டி அது. நிறத்தைப் பார்த்து செவலை என்று பெயர் வைத்தாள். அதற்குப் பாடம் நடந்தது என்னை வைத்துத்தான். என் பாவாடையை மோக்கக் கொடுத்துவிட்டு என்னை ஓடி ஒளியச் சொல்வாள். வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம், கிணற்று மேடு, எங்கே பதுங்கினாலும் சற்று நேரத்தில் ஓர் ஈர மூக்கு வந்து என் காதை இடிக்கும். ஒருநாள் கெட்டிக்காரத்தனமாக ஓடைத் தண்ணீரில் நடந்துபோய் ஒளிந்தேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடையில் பக்கத்து வீட்டு வண்டிக்காரரின் செம்மறிக் குட்டி காணாமல் போயிற்று. ராசிபுரம் சந்தைக்குப் பாரம் ஏற்றிப்போகிற மனிதர் அவர். தாயில்லாத அந்தக் குட்டிக்குச் சங்கில் பால் புகட்டி வளர்த்தவள் அவர் மனைவி. அவள் இறந்துபோன பிறகு அவர் பேசியதெல்லாம் அந்தக் குட்டியோடுதான். முந்தின நாள் சாயங்காலம் முதல் தேடிவிட்டு, விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நின்றார். குட்டி படுத்துத் தூங்கும் சாக்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அம்மிணி, உன்ற நாய உட்டுப் பாரு சாமி."

அப்பாவுக்கு விருப்பமில்லை. "ஆள உட்டுத் தேடலாம். நீ எதுக்கு ஊருக்குள்ள போவோணும்?" என்றார்.

"நாய் என்ற பேச்சத்தானுங்கண்ணா கேக்கும்" என்று அத்தை கயிற்றை எடுத்தாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

செவலை சாக்கை மோந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகப் பெரிய தெருவில் இறங்கியது. தறிக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. எல்லோரும் எங்கள் நாயைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் தலையை நிமிர்த்தி நடந்தேன். ஊரைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, ஆட்டு மந்தை போன தடத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல். அடுத்த ஊர் எல்லையில் அத்தை நின்றுவிட்டாள். செவலை இழுத்தது. வெயிலில் களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

நாய் போய் நின்றது ஒரு பெரிய ஓட்டு வீட்டின் முன்னால். உள்ளே குட்டி கத்துவது கேட்டது. வாசலுக்கு வந்த கிழவி அத்தையை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னய ஆரு இங்க கூப்புட்டா?"

"ஆரும் கூப்புடலீங்க. நாய் கூட்டியாந்துச்சுங்க. உள்ள கத்தறது எங்கூரு வண்டிக்காரரு வளக்குற குட்டிங்க."

சாயங்காலம் தங்கள் மந்தையோடு சேர்ந்து வந்துவிட்டதென்றும், ஆள் வந்தால் கொடுக்கலாமென்று கட்டிவைத்ததென்றும் சொல்லிக்கொண்டே குட்டியைக் கொண்டுவந்தவள் ஓர் இளம்பெண். நிறைமாதம். குட்டியை விட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்கக்கா."

அத்தை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். மீதியைச் செவலைக்கு ஊற்றினாள். "வாசல்ல சாணித் தண்ணி தெளிச்சிருக்குது. வழுக்கும், பாத்து நட கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வண்டிக்காரர் குட்டியின் கழுத்தில் முகம் புதைத்து அழுததை ஊரே பார்த்தது. அதன் பிறகு ஆத்தூர் ரோட்டிலிருந்தெல்லாம் அத்தைக்கு வண்டி அனுப்பினார்கள். ஓடிப்போன கன்று, சொல்லாமல் போன பூனை, எல்லாவற்றுக்கும் அவள் போனாள். பெரிய தெரு வழியாகவே போனாள். அப்பாவும் பிறகு தடுக்கவில்லை.

அந்த ஓட்டு வீடு அத்தை வாழப்போன வீடு என்பதும், பிள்ளை இல்லையென்று அவளை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பதும், தண்ணீர் கொடுத்தவள் அவளுக்குப் பிறகு அங்கே வாழவந்தவள் என்பதும் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. அன்று அந்த வாசலில் நின்றபோது அத்தை நாயின் கயிற்றைக் கை சிவக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தாள். நாய் ஓடிவிடுமென்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, "செவலை எங்கீமு போவாது அத்தை, உடுங்க" என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.