ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்த வீடுகள்

என் வீட்டுக்காரர் கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று காரைக்கால் டவுனில் மகள் வீட்டில் தங்கினோம். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவரோ வாசலைத் தாண்டவில்லை. பால் பாக்கெட் எடுக்கக் குனியவே பயந்தார். வேலை இல்லாமல் தெருவைச் சுற்ற வெட்கமாகவும் இருந்தது அவருக்கு.

சரி, ஊர் பார்ப்பதையே ஒரு வேலையாக வைப்போம் என்று கூட்டிப்போனேன். முதலில் அம்மையார் கோயில். அடுத்து மாதா கோயில். உள்ளே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணாடி ஜன்னலின் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தர்கா. வழியெல்லாம் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள்: வளைந்த வாசல், ஆள் உயர ஜன்னல், அதில் சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்கள். ஸ்பேர் வாங்க எத்தனையோ தடவை வந்த தெரு. "கடை போர்டுக்கு மேல நான் நிமிந்து பாத்ததே இல்ல" என்றார்.

ஒரு சாயங்காலம் மஞ்சள் மாடிவீடு ஒன்றின் எதிரே நின்றோம். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா, யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். வீட்டைத்தான் பார்க்கிறோம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இடித்துக் கட்டச் சொல்லி எல்லாரும் சொன்னார்களாம். மனசு வராமல் கூரை ஓடுகளை மட்டும் மாற்றினார்களாம்.

"மேல ஏறிப் பாருங்க. ஆறு தெரியும்."

இவரால் ஏற முடியாது என்று நான் சொல்வதற்குள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அகலமான மரப்படிகள். பாதியில் நின்றார். பின்கழுத்து வேர்த்திருந்தது. நான் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு மீதிப் படிகளையும் ஏறினார்.

அந்த அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டார். ஓட்டுக்கூரைகளுக்கு அப்பால் அரசலாறு. முகத்துவாரத்தை நோக்கி ஒரு ஃபைபர் படகு போய்க்கொண்டிருந்தது. இவர் காதைச் சாய்த்தார்.

"இன்ஜின் சரியில்ல. நாளைக்கு ஆள விட்டு அந்தப் படகக் கொண்டாரச் சொல்லணும்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயில் 'நாளைக்கு' என்ற சொல் வந்தது அன்றுதான். இது எதுவும் தெரியாமல் அந்த அம்மா டீ போடப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது மறுபடி பட்டறைக்குப் போகிறார். கனமானதை மற்றவர்கள் தூக்குகிறார்கள். போன வாரம் நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் அவர்களை டவுனின் பழைய தெருக்களுக்குக் கிளப்பிவிட்டார். எங்களால்தான் அவர் வேகத்துக்கு நடக்க முடியவில்லை.