ஏழாம் எண் வீடு

பால்கனிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே கீழே போகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்வார் அபு லைத். ஈராக்கின் பஸ்ராவில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்த கை, சும்மா இருக்காது. அங்கிருந்த வீட்டையும் கடையையும் விற்று, துருக்கியில் மெர்சின் கடலோரம் இந்த மாடிவீட்டை வாங்கியவர். மூத்த மகனின் பெயரைச் சேர்த்து, 'லைத்தின் அப்பா' என்ற பொருளில்தான் மனைவி புஷ்ராகூட அவரைக் கூப்பிடுவார்.

பணம் கட்டிக் குடியேறி ஆண்டுகள் ஆகியும் உரிமைப் பத்திரம் வரவில்லை. எதைக் கேட்டாலும், "பத்திரம் கைக்கு வரட்டும், அப்புறம் பாருங்க" என்பார். பல்வலிக்கும் அதே பதில்தான். வீட்டு வேலை மட்டும் பத்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. சமையலறைக்கு நீல ஓடு பதித்தார். கடலைப் பார்த்தபடி மீன் சுட, பால்கனியில் அடுப்பே கட்டிவிட்டார்.

எதிர்வீட்டு நெர்மின் உள்ளூர்க்காரர். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

"என்ன அண்ணே, இன்னைக்காவது உங்க வீடு உங்களுக்குச் சொந்தமாச்சா?"

"நீங்க செவுத்தைப் பாத்துக்கிட்டு இருங்க தங்கச்சி. எனக்குக் கடல் இருக்கு."

போன வாரம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூப்பிட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். கூடவே மாடியின் வரைபடமும். ஏழாம் எண், அவர் பெயர், எல்லாம் சரி. ஆனால் வரைபடத்தில் ஏழு, சுவரைப் பார்த்த பக்கம் இருந்தது. கட்டியவன் எதிரெதிர் வாசல்களில் எண்பலகைகளை மாற்றி அடித்திருக்கிறான்.

"கதவுல என்ன ஒட்டியிருந்தா என்ன மாமா? வரைபடத்துல இருக்கறதுதான் உங்க வீடு" என்றாள் அங்கிருந்த பெண். "எதிர்வீட்டுக்காரங்க சம்மதிச்சா மாத்தி எழுதிக்கலாம்."

"அப்ப நான் கட்டின அடுப்பு?"

அவள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வந்து புஷ்ராவுக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"நெர்மின்கிட்ட நீங்களே கேளுங்க" என்றார் புஷ்ரா.

"செவுத்தைப் பாருன்னு கேலி பண்ணின வாயால எப்படிடி கேக்கறது?"

புஷ்ராவுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது; அதற்குள் நெர்மினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அபு லைத் மாடியேறி வந்தபோது, அவர் வீட்டுப் பால்கனியில் நெர்மின் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற புஷ்ரா, கேளுங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

அபு லைத் உள்ளே வரவில்லை. திறந்தே கிடந்த கதவை, விரல் மடக்கி, மெல்லத் தட்டினார்.