கொத்துக்கறியும் அண்ணனின் கையும்

அண்ணா, அம்மிணி பேசுகிறேன். நேற்று உங்களுடைய நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்தது. ஓத வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசியாக எழுந்த ஒரு பெரியவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏம்மா, உங்கண்ணனுக்குக் கையில பெருநோய் இருந்துச்சாமே, உடுமலைப் பக்கம் பேசிக்கறாங்க" என்றார். குஷ்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் அவர் சந்துமுனைக்குப் போய்விட்டார்.

என் வாய் இப்படி அடைத்துப்போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை அடைத்தபோது உங்கள் கல்யாணம் போயிற்று. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். அத்தாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் மௌத்தாகிப் போனபின் நாங்கள் இரண்டு பேர்தான். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. நான் பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் தைப்பதற்கு வாகாகத் துணியை மடித்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை எடுத்து அடுக்குவதும் என் வேலை. அண்ணன் ஆற்றோரத்துச் சலவைப் பட்டறையில் இருந்தார். மிஷினில் இருந்து வரும் பனியன் துணி பழுப்பாகத்தான் இருக்கும். அதை வெளுக்க வைப்பது சுண்ணாம்பு மாதிரியான ஒரு பவுடர். அந்தப் பவுடரைத் தொட்டியில் கரைப்பது அண்ணன். குச்சியை விட்டுக் கலக்கினால் கட்டி உடையாது என்று முழங்கை வரை கையை விட்டுக் கரைப்பார்.

அதனால் அவருடைய கை எப்படி இருந்தது என்றால், விரல் இடுக்குகள் எல்லாம் வெடித்திருக்கும். தோல் திட்டுத்திட்டாக வெளுத்து உரியும். நகம் மஞ்சளாகி ஓரம் தின்றுபோயிருக்கும். மத்தியானம் பட்டறையில் கஞ்சியைத் தூக்கிக் குடித்துவிடுவார். ராத்திரிச் சோறுதான் பாடு. குழம்பில் கை வைத்தாரானால் மிளகாய் வெடிப்புக்குள் இறங்கிவிடும். பாதியில் எழுந்து, "பசி இல்ல அம்மிணி" என்பார். ஒருநாள் சந்தையில் இருந்து ஒரு ஸ்பூன் வாங்கி வந்து தட்டில் வைத்தேன். சிரித்தார். ஆனால் சாப்பிட்டார்.

ஸ்பூனால் கறியைப் பிய்க்க முடியாது. எலும்பைக் கடிக்க முடியாது. அப்படித்தான் எங்கள் வீட்டில் கொத்துக்கறி வந்தது. மாட்டுக்கறி அரைக் கிலோ, "கழுவிட்டுக் கொத்துங்க பாய்" என்று கடைக்காரரிடம் நின்று வாங்குவேன். கொத்தினபின் கழுவினால் பாதிக்கறி தண்ணீரோடு போய்விடும். கறி காணாது என்பதற்காகக் காயும் சேர்ப்பேன். எல்லாவற்றையும் ஒரு ஸ்பூனுக்குள் அடங்குகிற அளவில் நறுக்க வேண்டும்.

பட்டறையில் துணி பிழிகிற ஆள் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நம் ஜனம் இல்லை. அண்ணன் கையில் ஸ்பூன் இருந்தது.

"ஏனுங்க தொரை, முள்ளுக் கரண்டி வெக்கலீங்களா?"

"இருக்குது. உன்னக் குத்தறதுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். உக்காரு, சாப்பிடு."

"பெரிய கறிங்களா?" மாட்டுக்கறியா என்று கேட்கிறார்.

"ஆமா. வேண்டாம்னா காயப் பொறுக்கித் தின்னு."

"காயிலயும் கறி ஒட்டியிருக்குமுங்களே."

"அப்பக் கண்ண மூடிக்க."

அவர் கண்ணை மூடவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுப் போனார். மறுநாளில் இருந்து பட்டறையில் அண்ணனுக்குத் தொரை என்றே பேர்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு ஆனபோது உடுமலைப்பேட்டையில் இருந்து ஒரு பெண் பேச்சு வந்தது. தேங்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் ஒருநாள் பொழுது சாய்கிற மக்ரிப் நேரத்தில் சொல்லாமல் வந்து நின்றார். மாப்பிள்ளை எப்படி இருக்கிறான், வீடு எப்படி என்று பார்க்கத்தான்.

"ஏழரை பஸ்ஸுக்குப் போகோணும் தம்பி. ஒரு வாய்த் தண்ணி மட்டும் குடுங்க."

"அதெப்படிங்க மாமு, சாப்பிடாமப் போறது? அம்மிணி, சட்டுனு என்னமாச்சும் பண்ணு."

அறையின் குறுக்கே கட்டியிருந்த துணிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஒரு ஸ்டவ், ஒரு இரும்புச் சட்டி. நல்லவேளையாக அன்று கறி வாங்கியிருந்தேன். சட்டி காய்ந்ததும் எண்ணெய் ஊற்றாமல் கறியை அப்படியே போட்டேன். அது தன் தண்ணீரைத் தானே விட்டு, தண்ணீர் சுண்டி, தன் கொழுப்பிலேயே பொரிய ஆரம்பிக்கும். அதற்குள் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் தட்டிக்கொண்டேன். கறி நிறம் மாறினதும் அதைப் போட்டு, மஞ்சள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி, பொடியாக நறுக்கின கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை அதன்மேல் கொட்டி மூடினேன். விருந்தாளிக்குக் காரம் காணாதோ என்று மிளகாய்த்தூள் இன்னும் ஒரு சிட்டிகை. காய் வெந்ததும் முட்டைக்கோஸ். கடைசியாக மத்தியானச் சோற்றை அதே சட்டியில் உதிர்த்துக் கிளறினேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசனையைப் பார்த்து, "தங்கச்சி கைப்பக்குவம் தெருவுக்கே தெரியுது" என்று மாமு சொன்னது துணிக்கு இந்தப் பக்கம் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அண்ணன் கை ஞாபகமே இல்லை.

இரண்டு தட்டுகளைத் திரைக்கு வெளியே நீட்டினேன்.

"ரெண்டு தட்டு எதுக்கும்மா? ஒரே தட்டுல வையி. நாளைக்கு ஒரே குடும்பமாகப் போறோம்" என்றார் மாமு.

எங்களில் அது அன்பான வழக்கம். விருந்தில் இரண்டு மூன்று பேர் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். மறுத்தால் அவமரியாதை. அண்ணன், "எனக்கு வயித்துல சரியில்லீங்க மாமு" என்று சொல்லிப் பார்த்தார். "ஒரு கை, நம்ம பேருக்கு" என்றார் அவர். பிறகு, "எலுமிச்சம்பழம் இருக்குமாம்மா?" என்று கேட்டார். இருந்தது. நானே அறுத்துக் கொடுத்தேன். அவர் சோறு முழுக்கப் பிழிந்துவிட்டார்.

துணியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். முதல் வாய் எடுத்தார். இரண்டாவது வாய்க்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எடுத்த சோறு தட்டிலேயே உதிர்ந்தது. விளக்கு பக்கத்தில்தான் இருந்தது. மாமு அந்தக் கையைப் பார்த்தார். வெளுத்த தோலை, தின்றுபோன நகத்தைப் பார்த்தார். தட்டில் இருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"வயிறு நெறஞ்சிருச்சுங்க தம்பி."

வாசலில் போய் மூன்று தடவை கை கழுவினார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.

அது பவுடர் பட்ட கைங்க மாமு. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வயசுப்பெண் அந்நிய ஆம்பிளை முன்னால் பேசக்கூடாது என்று நின்றுவிட்டேன். அவர் போனபின் அண்ணனிடம் கோபப்பட்டேன்.

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

"அவரு கேக்கவே இல்லியே அம்மிணி. கேக்காததுக்கு எப்படிப் பதில் சொல்றது?"

எட்டாம் நாள் ஆள் மூலம் சேதி வந்தது, பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள் என்று. காரணம் சொல்லவில்லை. வேண்டியதில்லை. அண்ணன் அன்றைக்கும் வேலைக்குப் போனார். அதன்பின் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த ஐப்பசி மழையில் பட்டறைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஆணி அண்ணன் காலில் ஏறியது. அந்தச் சலவைப் பவுடரையே வைத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். பத்து நாளில் தாடை பூட்டிக்கொண்டது. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரண ஜன்னி என்றார்கள். மூன்று நாள் இருந்தார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. பசியோடு போனார் என்பதை நினைத்தால் எனக்குச் சட்டியில் கை வைக்கவே முடியவில்லை.

இரண்டாம் நாள் அங்கே இருந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"இந்தக் கையில வேற ஏதாச்சும் நோய் இருக்குங்களா?"

"சலவைப் பட்டறைதானே? இந்த மாதிரிக் கை நிறையப் பார்த்திருக்கேன். ஏன் கேக்கற?"

எலுமிச்சம்பழத்தையும் கண்ணீரையும் சொன்னேன். அந்தம்மா விளக்கிச் சொன்னார்.

"குஷ்டம் வந்த கையில உணர்ச்சி செத்துப்போயிடும்மா. சுட்டாக்கூடத் தெரியாது. உங்கண்ணனுக்கு எரிஞ்சுதே, அதுதான் நல்ல கைங்கறதுக்கு அடையாளம்."

அன்று தட்டுக்கு முன்னால் வழிந்த கண்ணீரே போதுமான பதில். அதைப் படிக்க அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை.

மையித்தான அண்ணன் உடம்பைக் குளிப்பாட்ட நம் ஜனத்தில் பட்டறை வேலை பார்க்கிற நாலு பேர் வந்தார்கள். ஒருவரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் கையும் அப்படித்தான். சோப்பும் கற்பூரமும் அவர்கள் கை வெடிப்பில் பட்டு எரிந்திருக்கும். விரல் விரலாகக் கழுவினார்களாம்.

உடுமலை மாமு, இது உங்கள் கண்ணில் பட்டாலும் படலாம். யாராவது படித்துச் சொன்னாலும் சொல்லலாம். உங்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணைக் கொடுப்பவர் பயந்தது நியாயம். ஆனால் அண்ணனுக்கு நோய் இல்லை. பேசுகிறவர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்றைக்கு ஒருதரம் என் அண்ணனை நினைத்து, அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவர் கபர்க்குழியை விசாலமாக்கி, எரிச்சல் இல்லாத இடத்தில் வைக்கட்டும் என்று துவா செய்யுங்கள்.