பூட்டு சாரின் குப்பைத்தொட்டி

என் அண்ணனை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பூட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக இரத்த வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கிளம்பும்போது பீரோவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார், நாலடி நடப்பார், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது தடவை இழுக்கும்போது யாராவது சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்துக்கொண்டு நாலாவது தடவையும் இழுத்துவிட்டுத்தான் போவார்.

பிறவியிலேயே பயந்த சுபாவம். முக்கியமான எதையும் முக்கியமான இடத்தில் வைக்கவே மாட்டார். வீட்டுப் பத்திரம் பழந்துணி மூட்டைக்குள் இருக்கும், மாற்றுச் சாவி பிய்ந்த செருப்புக்குள் இருக்கும். "திருடன் பீரோவத்தான் உடைப்பான், பழந்துணிய எவன் பாக்கப்போறான்" என்பார். அண்ணி ஒருமுறை அந்த மூட்டையைத் தெரியாமல் பழைய துணிக்காரனிடம் போட்டுவிட்டு, இரண்டு தெரு துரத்திப் போய் வாங்கி வந்தாள். அப்போதும் மனிதர் திருந்தவில்லை.

அவர் தங்கை நான், அவருக்கு நேர் எதிர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், வாயும் அதற்கேற்ற மாதிரிதான். வருகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பண்ணி வைத்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். ஒருவர் கீபோர்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெயிலில் காயவைத்துக் கொண்டு வருவார், இன்னொருவர் வைரஸ் வந்துவிட்டது என்று வேப்பிலைப் புகை காட்டியதாகச் சொல்வார். திட்டித் திட்டியே பதினைந்து வருடத்தை ஓட்டிவிட்டேன். வெளியாட்களிடம் கொஞ்சம் அடக்கம் உண்டு. அண்ணனிடம் அது கிடையாது.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. இரத்த வங்கிக் கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டார். மதியம் போனேன். எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, இரத்தப் பைகளை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். மூன்று ஷிப்ட் ஆட்கள் மாறி மாறித் தட்டும் பழைய மெஷின் அது. திரையில் கண்டதும் கழியதும் கிடந்தது. வேண்டாததை எல்லாம் துடைத்தேன். குப்பைத்தொட்டியைத் திறந்தால் உள்ளே நூறு, நூற்றைம்பது கோப்புகள். காலி செய்யவா என்று கேட்டது. செய் என்றேன். அண்ணன் திரும்பி வந்தபோது மெஷின் பறந்தது. "இனிமே குப்பையச் சேத்து வைக்காதண்ணா, என் உயிர வாங்காத" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போன் செய்தார். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"பாப்பா, பிஸியா?"

"ஆமா. இப்ப என்ன? மதியம்தான வந்து பாத்துட்டுப் போனேன்?"

அந்தப் பக்கம் பீரோவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியான்னு கேக்கத்தான்" என்றார். ஐந்தேகாலுக்கு என்ன சாப்பாடு என்று கடுப்படித்துவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மறுபடி அவர் போன். இந்த முறை பிஸியா என்று கேட்கவில்லை.

"பாப்பா, லிஸ்ட காணோம். ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். ரெண்டு உயிரு பாப்பா."

லிஸ்ட் என்றால் எனக்குத் தெரியும். லட்சம் பேரில் ஒருவருக்கு இருக்கிற இரத்த வகை ஒன்று உண்டு. அந்த வகைக்காரர்களுக்கு அதே வகைதான் ஏற்றவேண்டும், வேறு எதை ஏற்றினாலும் ஆபத்து. அந்த இரத்தம் உள்ள இருபத்து மூன்று பேரைத் தேடிப்பிடித்து, வருடக்கணக்காக அண்ணன் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியின் புது மென்பொருளில் அந்த வகையைக் குறிக்கக் கட்டமே இல்லை. எங்கே வைத்திருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

"எங்க வச்சிருந்த?"

"குப்பைத்தொட்டியில."

மற்ற ஷிப்ட் ஆட்கள் திரையில் இருப்பதை இஷ்டத்துக்கு அழிப்பார்கள், பெயரை மாற்றுவார்கள். குப்பைத்தொட்டியை மட்டும் எவரும் தொட்டதில்லை. அதனால் தேவைப்படும்போது பட்டியலை அதிலிருந்து மீட்டு எடுப்பார், வேலை முடிந்ததும் அழித்து மறுபடி அதற்குள்ளேயே போட்டுவிடுவார். ஆறு வருடமாக இதே வழக்கம். ஊரார் நம்பர் கண்டவர் கையில் சிக்கக்கூடாது என்று ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. பழந்துணி மூட்டைப் புத்தியேதான். அதைத் துணிக்காரனிடம் போட்டது நான்.

"அந்த மெஷின யாரும் தொடக்கூடாது. பவர் ஒயரப் புடுங்கு. இப்பவே புடுங்கு" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். காலி செய்த கோப்பு அந்த நொடியே மறைந்துவிடாது. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை ஹார்டு டிஸ்க் வட்டில் அப்படியே கிடக்கும். ஆனால் ராத்திரி முழுக்க அந்த மெஷினில் ஷிப்ட் நடந்திருக்கிறது, பதிவுகள் ஏறியிருக்கின்றன. எதன்மேல் எது எழுதப்பட்டிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததே தெரியவில்லை.

போனதும் வட்டைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டித் தேடவிட்டேன். பத்தரை ஆனது. நாலு சதவீதம் என்று காட்டியது. டாக்டரம்மா வந்து எட்டிப்பார்த்தார். சாயங்காலம் நாலு மணிக்குமேல் தள்ளிப்போட முடியாது, இரண்டு பையாவது கையில் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார். மற்ற ஆஸ்பத்திரிகளிலும் விசாரித்துவிட்டார்களாம், எங்கும் இல்லை. பட்டியல் எப்படிக் காணாமல் போனது என்று கேட்டார்.

"என் கவனக்குறைவு டாக்டர்" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரைத் திட்டிய வாய்தான்.

வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வயர்கூடை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார், மூடியதும் உட்காருவார். அவரைப் பார்க்க முடியாமல் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டது. அண்ணன் பீரோவை இழுத்துப் பார்த்தார், திரும்பி வந்தார், போய் மறுபடி இழுத்தார். வேறு எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குக் கோப்பு கிடைத்தது. பாதிதான் கிடைத்தது. ஒன்பது பேர் வரை ஒழுங்காக இருந்தது, அதற்குக் கீழே வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும். அந்த ஒன்பது பேருக்கும் எதிரே அண்ணன் குறிப்பு எழுதி வைத்திருந்தார். 'ராத்திரி வேலை, பத்து மணிக்குமுன் எழுப்பக்கூடாது.' 'ஊசி என்றால் பயம், அவர் நாயைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கவும்.' 'கொடுப்பது மாமியாருக்குத் தெரியாது, வீட்டு நம்பருக்கு அடிக்காதே.'

அண்ணன் போனை எடுத்தார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. நடுக்கம் இல்லை, இழுவை இல்லை. முதல் நம்பர் அணைந்து கிடந்தது. இரண்டாமவர் வெளியூர். மூன்றாமவர் போன மாதம்தான் கொடுத்திருக்கிறார், மறுபடி எடுக்கக்கூடாது. நாலாமவருக்குக் காய்ச்சல். ஐந்தாவது ஒரு பள்ளிக்கூட டீச்சர், பாதி வகுப்பில் கிளம்பிவிட்டாள். அதற்குப்பின் இரண்டு பேர் எடுக்கவில்லை. எட்டாவது ஒரு லாரி டிரைவர், நாற்பது கிலோமீட்டர் தள்ளி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். "உங்க நாய் எப்படி இருக்கு?" என்று அண்ணன் பேச்சுக் கொடுத்தார், அவரும் வருகிறேன் என்றார். டீச்சர் ஒன்றரைக்கு வந்தாள், டிரைவர் இரண்டேகாலுக்கு. பரிசோதனை எல்லாம் முடிந்து மூன்றே முக்காலுக்கு இரண்டு பைகளும் உள்ளே போயின.

ஐந்தரைக்கு அம்மாவும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். பெஞ்சில் இருந்தவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அண்ணனை நடைபாதைப் பக்கம் கூட்டிப்போனேன்.

"அண்ணா, உன் கவனக்குறைவு இல்ல. தொட்டிய காலி பண்ணது நான்தான்."

"தெரியும் பாப்பா."

"எப்ப தெரியும்?"

"நேத்து சாயங்காலமே. கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதடவ பாப்பேன்ல, அப்பவே காலியா இருந்துச்சு."

அப்போதே சொல்லியிருந்தால் ராத்திரி ஷிப்டுக்குமுன் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். இருபத்து மூன்று பேரும் முழுசாகக் கிடைத்திருப்பார்கள். இந்த மனிதர் ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாரே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒரு போன் பண்றதுக்கு என்ன கேடு?"

"பண்ணேனே பாப்பா. நீ கோவமா இருந்த."

பட்டியல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது, அண்ணன் சம்மதத்தோடு நானே வைத்தேன். பழைய இரசீதுகளைக் கிளறி, பதினாலு பேரில் பத்துப் பேரை மறுபடி கண்டுபிடித்துவிட்டார். நாலு பேர் இன்னும் கிடைக்கவில்லை. நான் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன் என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். அண்ணன் வழக்கம்போல சாயங்காலம் கூப்பிடுகிறார், சாப்பிட்டியா பாப்பா என்கிறார். கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆச்சுண்ணா, சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்கிறேன். ஒண்ணுமில்ல, சாப்பிட்டியான்னுதான் கேட்டேன் என்கிறார். அவர் வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.