மிதவை போன திசை

ஆறு கடலில் கலக்கும் அந்தத் துறைமுகத்தில் எல்லாருக்கும் அவள் சிப்பிக்காரி. மர மிதவையின் அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் சிப்பி வளர்க்கிறாள். முன்பு மீன் பதனிடும் கூடத்தில் வேலை. மேற்பார்வையாளரோடு வாய்கொடுத்து வெளியே வந்தவள்.

"வாயில்லாத உயிரோடதான் எனக்கு ஒத்துப்போகும்" என்பாள்.

"சிப்பிக்கும் வாய் உண்டுடி. உன்ன மாதிரி எப்பவும் திறந்து வைக்காது" என்பான் கணவன்.

"தண்ணிக்குள்ள எப்பவும் திறந்துதாங்க இருக்கும்!"

மலைப்பக்க மழையில் ஆறு பெருகிய அன்று காலை, மிதவையைக் காணவில்லை. கட்டுக்கயிறு அறுந்து கிடந்தது. ஒரு வருட உழைப்பு. மறுநாள் சிப்பி ஏற்ற லாரி வருகிறது.

ஓதம் ஏறாமலும் இறங்காமலும் நின்றிருந்த நேரம். ஆனாலும் நுரையும் தழையும் கடலை நோக்கி ஓடின. கணவனும் கொழுந்தனும் விசைப்படகைக் கிளப்பினார்கள்.

"தழை போற பக்கந்தான் மிதவையும் போயிருக்கும். ஏறுடி!"

"தழைக்கு ஏதுங்க அவ்வளவு நீளக் காலு?"

"இந்த நேரத்துல விடுகதை வேறயா!" அவளை விட்டுவிட்டுப் படகு பறந்தது.

அவள் படித்துறையில் நின்று ஒரு வாளியில் கல் போட்டு, நீளக் கயிற்றில் இறக்கி, மறுமுனையில் காலி கேனைக் கட்டிவிட்டாள். கேன் கொஞ்சம் தடுமாறியது. பிறகு நுரையைக் கிழித்துக்கொண்டு ஆற்றை நோக்கி நகர்ந்தது. ஆற்று நீர் இலேசானது. உப்புத் தண்ணீருக்கு மேலே பரவி வெளியே ஓடும். ஓடும்போது அடியிலுள்ள உப்புத் தண்ணீரிலும் கொஞ்சத்தை இழுத்துப் போகும். அந்த இடத்தை நிரப்பக் கடல் கீழ்வழியாக உள்ளே வரும். மிதவையில் பலகை மட்டுந்தான் மேலே. சிப்பி கனத்த கயிறுகளெல்லாம் கீழே.

தன் சிறு தோணியில் கரையோரமாக ஆற்றுக்குள் துடுப்புப் போட்டுப் போனாள். மிதவை ஆற்றுப் பாலத்துத் தூணில் சாய்ந்து நின்றது. ஒரு கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சிப்பிகூட உதிரவில்லை.

கைபேசி அடித்தது.

"எங்கடி இருக்க?"

"பாலத்தடியில. மிதவையோட."

"ஆத்த எதிர்த்தா போச்சு? கதை விடாத!"

"மேலதாங்க ஆறு. கீழ கடல்."

விசைப்படகு வந்து கட்டி இழுத்தது. இயந்திரம் புகைந்ததே தவிர, மிதவை அசையவில்லை.

"விடுங்க" என்றாள். "லாரியப் பாலத்துக்கு வரச் சொல்லிக்கலாம்."

மறுநாள் சிப்பிக் கயிறுகள் நேரே பாலத்துக்கு ஏறின. படகில் ஏற்றி, படித்துறையில் இறக்கி, தலையில் சுமக்கும் வேலையெல்லாம் மிச்சம்.

"இனிமே வருஷா வருஷம் இங்கயே கொண்டு வந்துருங்கக்கா" என்றார் லாரிக்காரர்.

"ஆத்தையும் கடலையும் கேட்டுச் சொல்றேன்" என்றபடி அடுத்த கயிற்றின் நுனியை மேலே வீசினாள்.