பனிக்குள் சொன்ன பெயர்

பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவன் என் தம்பி. இரண்டு பஞ்சக் குளிர்காலங்களைத் தாண்டி வளர்ந்தான். வலது கையில் சுண்டுவிரல் போன பிறகும் கயாக் என்னும் தோல்படகில் எல்லாருக்கும் முன்னால் போனான். செர்மிலிக் என்னும் எங்கள் கடற்கழிக் கரையில் வெப்பமானி பார்க்கத் தெரிந்த முதல் ஆள் அவன்தான். பனியை ஆராய வந்த வெளிநாட்டார், பிந்தைய வருடங்களிலும் அவனைக் கேட்டுக்கொண்டே வந்து இறங்கினார்கள். பனிப்பிளவுக்குள் விழுந்து உயிரோடு வெளியே வந்தவனும் அவன்தான். அதைத்தான் எழுதுகிறேன்.

அவன் பெயர் குயித்சே. அது எங்கள் அப்பாவின் பெயர். கடல்பனி உடைந்து அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் பிறந்தவனுக்கு அந்தப் பெயர் வந்தது. அதனால் நான் அவனை அப்பா என்பேன். ஆறு வயது மூத்தவளான என்னை அவன் மகளே என்பான்.

தன் பெயரைத் தன் வாயால் சொல்கிறவர்கள் எங்களில் இல்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். பனிமேல் நிற்கும்போது சொன்னால் பனி அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளும். பாதிரியாரிடம் நான் கற்ற எழுத்துகளை அவனுக்கும் கற்றுக்கொடுத்தேன். எல்லாம் எழுதுவான், பெயரைத் தவிர. பெயர் கேட்கும் இடத்தில் சீல் தலை ஒன்று வரைந்துவிடுவான்.

அவன் விழுந்த அந்தக் கோடையில், பனியை ஆராய வந்த டாக்டர் ஃப்ரூடிகர் பனியாற்றின் குறுக்கே வரிசையாகக் கம்புகள் நட்டார். பனி எவ்வளவு நகர்கிறது என்று அவற்றைக் கொண்டு அளந்தார். துளை போட்டு, கயிற்றில் வெப்பமானியும் இறக்கினார்.

"பனிக்குக் காய்ச்சலான்னு பாக்குறாரு," என்றான் எங்கள் சித்தப்பா மகன் உமெரினெக். "மருந்து குடுத்தா எப்படிக் குடிக்கும்?"

"உன் வாயில ஊத்துவாரு. அதுவும் மூடுறதில்லையே," என்றான் தம்பி.

நான் கூடாரத்தில் இருந்து அவர்கள் மூவருடைய தோல்காலணிகளைத் தைத்துக் காயவைத்தேன். ஒருநாள் மதியம் மூடுபனி இறங்கியது. மேலே டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டது கேட்டது. தம்பியைக் கூப்பிட்டபோது, "நான்தான்," என்று பதில் வந்தது. அவன் பின்னால் வருகிறான் என்று நம்பி அவர்கள் இறங்கி வந்தார்கள். கடைசிக் கம்பை நட, இடுப்பில் கட்டிய கயிறு எட்டவில்லை என்று அவன் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தானாம்.

"அப்பா எங்க?" என்றேன்.

உமெரினெக் திரும்பிப் பார்த்தான். அவன் பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

மூவரும் கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினோம். காலடியில் பனி முனகிக்கொண்டே இருந்தது. கடைசிக் கம்பின் பக்கத்தில் ஒரு பிளவு. அதன் மேல்மூடி புதிதாக உடைந்திருந்தது. குனிந்து, "அப்பா," என்று கூப்பிட்டேன்.

"நான்தான்."

குரல் கரகரத்து, வயதானவர் குரல்போல வந்தது. நான் யாரைக் கூப்பிட்டேன், யார் பதில் சொல்கிறார்? செத்துப்போன அப்பாவா?

டாக்டர் கயிற்றை இறக்கச் சொன்னார். உமெரினெக் விடவில்லை.

"அது அவன் இல்ல, அக்கா. பனிக்குள்ள இருக்கிறது எதைக் கூப்பிட்டாலும் நான்தான்னுதான் சொல்லும். கயிற்றைப் புடிச்சா நம்மளையும் உள்ள இழுத்துடும்."

"அவனா இருந்தா?"

"அவனா இருந்தா பேரைச் சொல்லட்டும். அதுக்குப் பேர் கிடையாது."

அவன் சொன்னது சரி. அப்பாவின் பெயரும் தம்பியிடம் வந்துவிட்டது. அப்பாவிடம் மிச்சம் எதுவும் இல்லை. உயிருள்ளவன் மட்டுமே சொல்லக்கூடியது அது. ஆனால் உயிருள்ள எவன் சொல்வான்? உமெரினெக்கின் பலம் இல்லாமல் டாக்டரும் நானும் அவனைத் தூக்கவும் முடியாது.

"அப்பா, உன் பேரைச் சொல்லு," என்றேன்.

உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம்தான் வந்தது.

"சொன்னாத்தான் கயிறு வரும். நான் உன் மக கேக்கிறேன். சொல்லு."

பனி ஒருமுறை படீரென்று வெடித்தது. உமெரினெக் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அப்போது கீழிருந்து, குழந்தை முதல்முறை பேசுவதுபோல, தயங்கித் தயங்கி வந்தது.

"குயி... குயித்சே."

உமெரினெக் கயிற்றை இறக்கிவிட்டு, குதிகாலைப் பனியில் ஊன்றி உட்கார்ந்துகொண்டான்.

மேலே வந்தபோது தம்பியின் உதடு நீலமாக இருந்தது. சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது, பிறகு அதை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் வலியைச் சொல்லி அழவில்லை. "பனி கேட்டுடுச்சு, மகளே," என்பதையே கூடாரம் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு பல நாள் தூங்கவில்லை. நானும்தான். பனி முனகும்போதெல்லாம் எழுந்து அவன் மூச்சைப் பார்த்தேன்.

கட்டுப்போட்ட கையோடு ஒருநாள் கத்தியை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு அந்தக் கம்புக்கே போனான்.

"வேண்டாம், அப்பா. அந்தக் கம்பு பனியோட கடலுக்குப் போயிடும்."

"போகட்டும். பேரைக் கேட்டுட்ட பனிகிட்ட இனி மறைச்சு என்ன? இனி யாரும் நான் யாருன்னு சந்தேகப்படக் கூடாது."

இடது கையால், கோணல் எழுத்தில், தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினான். கடைசி எழுத்து முடியும்வரை நான் அவன் இடுப்புக் கயிற்றை விடவில்லை. அன்று 1912 ஆகஸ்ட் 21.