பேத்தி தலையில் பண்ணிய சத்தியம்

செல்லூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காலேஜ் படிக்கிற பேத்தியும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஆள் குறைந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மூட்டுவலியில் மாடிப்படி ஏறாத எனக்குக் குதிரைவீரன் வேஷம்.

“குதிரை ஏறுறதுக்கு முன்னாடி வீரன் சத்தியம் பண்ணணும், அப்பத்தா. காவல் காக்குற பாலத்தை விட்டு ஓட மாட்டேன்னு சொல்லு,” என்றாள் பேத்தி.

சத்தியம் என்றதும் பழக்கதோஷத்தில் அவள் தலையிலேயே கையை வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

கொஞ்ச நேரத்தில், கதை சொல்லும் பொறுப்பில் இருந்த சிநேகிதி பாலத்துக்கு ஓர் அரக்கர் படையையே அனுப்பினாள். வில்லாளியான பேத்தியும் மந்திரக்காரியான இன்னொரு சிநேகிதியும் ஓடித் தப்பிவிட்டார்கள்.

“குதிரையைத் திருப்பு அப்பத்தா, செத்துருவ.”

“அப்ப சத்தியம்?”

“மீறுனா ரெண்டு பாயிண்டு போகும், அம்புட்டுத்தான்.”

பாயிண்டு போனால் போகட்டும். நான் கை வைத்தது இவள் தலையில் அல்லவா? சத்தியம் பொய்த்தால் அது இவளைத்தானே தாக்கும்?

“திருப்ப மாட்டேன்டி. பகடையை உருட்டு.”

“பாட்டிக்கு என்னா வீரம் பாருடி,” என்றாள் கதை சொன்னவள். வீரமாவது ஒன்றாவது, என் கண் பேத்தியின் தலையிலேயே இருந்தது.

மூன்றே உருட்டலில் குதிரையும் செத்தது, நானும் செத்தேன். சிநேகிதிகள் பாவம் பார்த்து டீ போட்டுக் கொடுத்தார்கள். சாவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் காலேஜிலிருந்து திரும்பும் பேத்தியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை.